கிளாட்ஸ்டனின் தள்ளுவண்டி

பட்டம் பெறும் இளைஞர்களுக்கு என் வாழ்த்துகள். சம்பிரதாயம் முடிந்தது. இனி எனக்குப் பிடித்த ஒரு கிழவரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

வில்லியம் கிளாட்ஸ்டன், 1809-இல் லிவர்பூலில் பிறந்தவர். 1868-க்கும் 1894-க்கும் இடையே நான்கு முறை பிரிட்டனின் பிரதமர். நான்காம் முறை பதவியேற்றபோது வயது 82. ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வியல் மொழிகள், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்பு. தங்கப்பதக்கம் வாங்கியவர்கள் கவனிக்க: அவரும் உங்களைப் போலத்தான் இருந்தார், பட்டம் வாங்கிய நாளில்.

அந்தப் பட்டதாரி 1833-இல் நாடாளுமன்றத்தில் எதைப் பேசினார் தெரியுமா? தென் அமெரிக்காவின் டெமராராவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய தம் தந்தைக்காக வாதாடினார். அடிமைமுறை ஒழிந்ததும் அந்தத் தந்தை வாங்கிய இழப்பீடு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். 1838-இல் அரசு திருச்சபையைத் தாங்கியே தீரவேண்டும் என்று மகன் ஒரு புத்தகமே எழுதினார். அதே மனிதர் 1869-இல் அயர்லாந்தில் அரசுத் திருச்சபை என்ற ஏற்பாட்டையே கலைத்தார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டு 1886-இல் சொந்தக் கட்சியையே பிளந்துகொண்டார். அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. 1882-இல் எகிப்தை ஆக்கிரமித்ததும் அவர் அரசுதான். ஆனால் 1880-இல் ரிப்பன் பிரபுவை இந்தியாவுக்கு வைஸ்ராயாக அனுப்பியவரும் அவரே. இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டிய சட்டத்தை ரிப்பன் 1882-இல் நீக்கினார். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இருபத்து மூன்று வயதில் இருந்த மனிதர் எண்பதில் எப்படி வேறாளானார்? அரசியல் கணக்கு என்பார்கள். அதுவும் உண்டு. நூலகனான என் கட்சி வேறு: அவரை மாற்றியது வாசிப்பு. 1825 முதல் 1896 வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். என்ன படித்தார் என்பதையும் அதில் குறித்தார். ஏறத்தாழ 20,000 நூல்கள்! நிதியமைச்சராக இருந்தபோதும் படித்தார், பிரதமராக இருந்தபோதும் படித்தார். நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

எண்பதை எட்டும் வயதில் வேல்ஸில் தாம் வாழ்ந்த ஹாவர்டன் ஊரில் இரும்புத் தகட்டால் ஒரு கட்டடம் போட்டார். தம்மிடமிருந்த 32,000 நூல்களை அங்கே கொண்டுபோக வேண்டும். ஆள் வைத்து ஏற்றி அனுப்பியிருக்கலாம். கிழவரோ ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் புத்தகங்களை அடுக்கித் தாமே தள்ளிக்கொண்டு போனார். மகள் மேரியும் பணியாளர் ஒருவரும் கைகொடுத்தார்கள். எந்த நூல் எந்த அலமாரிக்கு என்பதையும் அவரே பார்த்துக்கொண்டார். என் பணிக்காலத்தில் புத்தகத்தின் மேல் தூசி தட்டக்கூட மறுத்த பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் தள்ளுவண்டி மீது எனக்கு இவ்வளவு காதல். வாசகர் இல்லாத புத்தகங்களையும் புத்தகம் இல்லாத வாசகர்களையும் சேர்த்துவைக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அந்த நூலகம் இன்றும் நடக்கிறது. அங்கேயே தங்கிப் படிக்கலாம்.

என் கதை இவ்வளவு கம்பீரமானதல்ல. நான் எம்.ஏ. படித்த காலத்தில் விடுதி அறையில் மின்விசிறி கிடையாது, நூலகத்தில் உண்டு. காற்றுக்காகப் போனவன் அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். எந்தக் காரணத்துக்காக உள்ளே வந்தாலும் சரி, வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பொது நூலகத்துக்கென்று சுதந்திர இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1948-இல். இன்றும் உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. பணம் கட்டியாயிற்று, இந்த வாரமே உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேருங்கள்.