மயான காண்டத்தில் வெட்டியான் எங்கே?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் தோழருக்கு அது பிடிக்காது. எந்தக் கதையைக் கேட்டாலும் அதில் நம் ஆள் எங்கே நிற்கிறான் என்று தேடச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தக் கேள்வியோடு இன்று அரிச்சந்திரன் கதையைப் பார்ப்போம்.

கம்பம், சின்னமனூர், போடி, பெரியகுளம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் வள்ளி திருமணத்தைப் போலவே நாம் அறிந்தது அரிச்சந்திர மயான காண்டம். நாடு போகிறது. மனைவியும் மகனும் காலகண்டர் வீட்டுக்கு அடிமையாகிறார்கள். மன்னன் வீரபாகுவிடம் விலைபோய்ச் சுடுகாடு காக்கிறான். பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வரும்போது, கூட்டத்தில் அழாதவர் யாரும் இல்லை. நம் தெருச் சனமும் சேர்ந்துதான் அழுதது.

இந்த மேடைக் கதைதான் இந்திய சினிமாவின் தொடக்கமும்கூட. 1913ல் பால்கே எடுத்த ஊமைப்படம் 'ராஜா ஹரிச்சந்திரா'. 1932ல் மராத்தியின் முதல் பேசும் படமாக சாந்தாராம் எடுத்ததும் இதே கதை. 1944ல் தமிழில் இரண்டு வந்தன. ஒன்று பி.யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்தது. மற்றது கன்னடப் படத்தை ஏவிஎம் தமிழில் பேசவைத்தது. தமிழின் முதல் டப்பிங் படம் என்று சொல்லப்படுவது அதுதான். 1968ல் சிவாஜி கணேசனும் ஜி. வரலட்சுமியும் நடித்தார்கள். சின்னப்பாவுக்குப் பாட்டு பலம், சிவாஜிக்கு வசனமும் முகமும் பலம். இருவருமே பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் வளர்ந்தவர்கள். அதனால் மேடையின் அழுகை திரையிலும் குறையவில்லை.

நடிகர் மாறினார், மொழி மாறியது, தொழில்நுட்பம் மாறியது. மாறாத ஒன்று உண்டு. மனிதன் விழக்கூடிய கடைசிப் பள்ளம் எது என்று கேட்டால், எல்லாப் படமும் சுடுகாட்டு வேலையைத்தான் காட்டுகிறது. மன்னன் வெட்டியானாவது சோகம் என்கிறார்கள். அப்படியானால் வெட்டியானாகவே பிறக்கவைக்கப்பட்டவனின் வாழ்க்கைக்கு என்ன பெயர்? அதற்கு நாடகம் கிடையாது. அது வெறும் வழக்கம்!

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். வீரபாகுவாவது நம் ஆளா? மார்க்கண்டேய புராணம் இல்லை என்கிறது. மன்னனைச் சோதிக்கத் தருமதேவனே சண்டாளன் வடிவில் வந்தானாம். ஆக, காவல் நிற்பவன் வேடமிட்ட மன்னன், அவனை விலைக்கு வாங்கியவன் வேடமிட்ட தேவன். கடைசியில் தேவர்கள் வருவார்கள், பிள்ளை பிழைப்பான், மன்னன் அயோத்திக்குத் திரும்புவான். மறுநாள் காலையில் சுடுகாட்டில் குழி வெட்டுவது யார் என்று கதை கேட்காது. மயான காண்டம் முழுக்கத் தேடினாலும் உண்மையான வெட்டியான் ஒருவன்கூட இல்லை.

கதைக்குள்ளேயே இதை இடறிய குரல்களும் இருந்திருக்கின்றன. கன்னடத்தில் ராகவாங்கன் பாடிய காவியத்தில், விசுவாமித்திரன் அனுப்பிய கீழ்ச்சாதிப் பெண்கள் இருவர் தங்களை மணந்துகொள்ளச் சொல்கிறார்கள். மன்னன் மறுக்கிறான். எங்கள் பாட்டைக் கேட்ட காது தீட்டுப்படவில்லை, எங்கள் அழகைப் பார்த்த கண் தீட்டுப்படவில்லை, தொட்டால் மட்டும் எப்படித் தீட்டு என்று அவர்கள் வாதாடுகிறார்கள். நாட்டை இழந்தாலும் இழப்பானே தவிர அவர்களை ஏற்க மாட்டான். சத்தியவான் என்று நாம் கும்பிடும் மன்னனின் மறுபக்கம் இது. ராஜ்குமார் நடித்த 1965 கன்னடப் படத்தில் வீரபாகுவாக எம்.பி. சங்கர் வருகிறார். குலத்தில் கீழ் எது, மேல் எது என்று கேட்டு ஆடும் அந்தப் பாட்டைக் கண்டசாலா பாடியிருக்கிறார். படம் பார்த்தவர்கள் மன்னனின் கண்ணீரோடு இந்தக் கேள்வியையும் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அந்த வகையில் மற்றப் படங்களைவிட அது ஒரு படி மேல்.

தமிழில் வெட்டியானை வெட்டியானாகவே எழுதியவர் ஜெயகாந்தன். 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' கதையில் பாடிக்கொண்டே குழி வெட்டும் ஆண்டிக்கு, நெடுநாள் கழித்துப் பிறந்த மகன் செத்துப்போகிறான். அதன்பின் வந்துசேரும் ஒவ்வொரு குழந்தைக்காகவும் அவன் அழுகிறான். இங்கே மன்னன் தேவைப்படவில்லை. செத்த பிள்ளையைத் தேவர்கள் எழுப்பவும் இல்லை. இந்தக் கதையின் சாயலில் நம் மாவட்டத்துக்காரர் பாலா 2003ல் எடுத்த 'பிதாமகன்' விக்ரமுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது. ஆனால் அந்தச் சித்தனுக்குத் தாய் தகப்பன் இல்லை, தெரு இல்லை, பேச்சும் ஏறக்குறைய இல்லை. ஆண்டிக்குப் பெண்டாட்டி இருந்தாள், பிள்ளை இருந்தான். திரைக்கு வந்ததும் வெட்டியான் மனிதர்களிடமிருந்து பிரிக்கப்பட்டுவிட்டான்.

கூலிக் கணக்கையும் பாருங்கள். கால் பணமும் முழத்துண்டும் ஆண்டைக்கு, வாய்க்கரிசி காவல்காரனுக்கு. பெற்ற பிள்ளையின் பிணத்துக்கும் அந்தக் கட்டணத்தை மன்னன் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டையின் கணக்கைக் காப்பதற்கே இங்கே சத்தியம் என்று பெயர். சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்து மனம் உருகியதாகக் காந்தி தன் சுயசரிதையில் எழுதினார். அம்பேத்கரோ 1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். பரம்பரை ஊழியத்தை உண்மையாகச் செய்வது ஒரு வழி, அந்த ஊழியத்திலிருந்து வெளியேறுவது இன்னொரு வழி. நம் வழி எது என்பதில் நமக்குக் குழப்பம் இல்லை.

ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்று இருக்கும் வரை, குழி வெட்ட ஆள் தேடி ஊர் நம் தெருவுக்கு வரும் வரை, இது பழங்கதை அல்ல. மாணவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். சினிமா விமர்சனம் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு உங்கள் ஊரில் இந்த வேலை செய்து ஓய்ந்த பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். எத்தனை வயதில் மண்வெட்டி பிடித்தார்கள், என்ன கொடுத்தார்கள், எதைப் பாடினார்கள், எந்தச் சாவுக்கு அழுதார்கள் என்று கேட்டு எழுதுங்கள். யாரும் வேடமிடாத மயான காண்டம் அங்கேதான் இருக்கிறது. அதை எழுதவேண்டியவர்கள் நாம்தான்.

ஜெய் பீம்.