பழைய வண்டிக்குப் புதிய வில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் நாடகமும் மணக்கும் இம்மேடையில் மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருள் சிறிதென எண்ண வேண்டா. மட்டாஞ்சேரியில் வாழும் நம் குடும்பங்கள் பல, பொங்கலுக்கும் திருமணத்திற்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் சொந்த வண்டியிலேயே ஊர் செல்கின்றன. தோப்பும்படியைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே வாளையாறு தாண்டிக் கோவை சேர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பின்னிருக்கையில் பாட்டியும் தாயும் குழந்தைகளும். அவர்களுக்குப் பின்னே மூட்டை முடிச்சுகள். இப்பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது பின்புற வில்.

வில் நமக்குப் புதியதன்று. நம் பாட்டனார் காலத்து வில்வண்டியை அறியாதார் யார்? கட்டை வண்டியில் சென்றால் உடல் நோகும்; வில்வண்டியில் சென்றால் நோவு குறையும். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே இருந்த வளைந்த எஃகுப் பட்டைகள், பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாம் ஏற்றுக்கொண்டன. குதிரை வண்டிக்கு இத்தகைய வில்லைப் பொருத்தும் முறைக்கு 1804-இல் இலண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் காப்புரிமை பெற்றார். பின்னர் மோட்டார் வண்டிக்கும் பட்டைவில் வந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டை மாதிரியாகக் கொண்டு வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடர், பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினி, மாருதி ஆம்னி ஆகிய மூன்றிற்கும் பின்புறம் பட்டைவில்லே. வேறு பல வண்டிகளில் சுருள்வில் இருக்கும். வடிவம் வேறாயினும் விதி ஒன்றே.

அவ்விதி யாது? வில்லின் தொழில் தாங்குதல். ஷாக் அப்சார்பரின் தொழில் அடக்குதல். பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது, வில் அவ்வேகத்தை வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. உடனே திருப்பியும் கொடுக்கிறது. அடக்குவார் இல்லையேல் வண்டி ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பரின் உள்ளே எண்ணெயில் ஒரு பிஸ்டன் ஓடுகிறது. சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிச் செல்ல, ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறி ஓய்கிறது. ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்காது. தளர்ந்த வில்லைப் புதிய ஷாக் அப்சார்பர் உயர்த்தாது. செத்த ஷாக் அப்சார்பரின் வேலையைப் புதிய வில் செய்யாது.

நம் ஊரோ கடலும் காயலும் சூழ்ந்த ஊர். உப்புக் காற்றும் இடவப்பாதி மழையும் இரும்பை விடுவதில்லை. பட்டைகளின் இடுக்கில் துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கா; வில் இறுகும். நெடுங்காலம் பாரம் சுமந்த பட்டைகள் வளைவு இழந்து படுத்துவிடும். சில, நடு போல்ட்டின் துளை அருகே விரிசல் காணும்.

இதனை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் ஒரு பக்கத்து வில் தளர்ந்திருக்கலாம். பின்மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அமைதியுற வேண்டும். மேலும் ஆடினால், அல்லது உருளையில் எண்ணெய் கசிந்தால், ஷாக் அப்சார்பர் ஓய்ந்தது என்க. டயர் திட்டுத் திட்டாகத் தேய்வதும் ஓர் அறிகுறி.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேல்நோக்கி, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். டயர் சாலையை விட்டுத் துள்ளினால், மழைநாளில் பிரேக் பிடித்தும் பயன் குறையும். இது சுகத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று, உயிரைப் பற்றியது.

மாற்றும் முறையை அறிந்திருந்தால் வேலை செம்மையாக நடந்ததா என்று கேட்கவேனும் முடியும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிய வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் ஆகாது. அச்சுக்குத் தனியே முட்டுக் கொடுத்து, பிரேக் குழாய் இழுபடாமல் காக்க வேண்டும். துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விடுதல் நன்று. வில்லை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுக. ஷாக் அப்சார்பரையும் அவ்வாறே. ரப்பர் புஷ், யூ போல்ட், நட்டுகள் புதியனவாக இருக்கட்டும். நடு போல்ட்டின் தலை அச்சின் குழியில் சரியாக அமர வேண்டும். வண்டி தரையில் நின்று பாரம் இறங்கிய பின்னரே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முடுக்க வேண்டும். அந்தரத்தில் முடுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, முன்விளக்கின் பார்வையையும் திருத்துக.

சிக்கனம் கருதிப் பழைய பட்டையைக் காய்ச்சி வளைத்துக் கொள்வோர் உண்டு. முறையாகப் பதம் ஏற்றாவிடில் அது மீண்டும் படுத்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை செருகுவோரும் உண்டு. வண்டி உயரும், ஆனால் வில்வண்டி கட்டை வண்டியாகிவிடும். ஓய்வுபெற்ற பட்டைக்கு உரிய இடம் கொல்லர் உலை. அரிவாளாகிப் பல்லாண்டு உழைக்கும்.

சொந்த வண்டியின் பதிவை 15 ஆண்டுக்குப் பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அந்நாள் வரும் வரை வில்லை மறந்திருத்தல் தகாது. ஓட்டுபவர் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பதால் பின்புறத்தின் தளர்ச்சியை அவர் உடல் எளிதில் அறியாது. பின்னிருக்கையில் இருப்போர் முதலில் அறிவர். ஆகவே பாட்டி "இடுப்பு நோகிறது" என்றால் அவர் வயதின்மேல் பழி போடாதீர்கள். முதலில் வில்லைக் குனிந்து பாருங்கள்.

தந்தை வாங்கிய வண்டியை மைந்தர் காத்து ஓட்டுவது நற்பண்பே. மேனிக்குப் பளபளப்பு ஏற்றுவதற்கு முன் அடியில் வலிமை ஏற்றுங்கள். அடுத்த பொங்கலுக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் அனைத்தும் நலமே சென்று நலமே திரும்புக என வாழ்த்துகிறேன்.