பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? பதறாமல் இவற்றைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் 'பி' பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மழைக்காலத்தில் நம் கீழ்த்தள பார்க்கிங்கில் ஒரு பைக்கிலிருந்து புகை வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அது எங்கள் வீட்டு வண்டி. பஸ் பணிமனையில் 30 வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் வீட்டிலேயே அப்படி நடந்ததில் எனக்கு வெட்கம்தான். அதனால்தான் செயலாளர் பேசச் சொன்னதும் சரி என்றேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், காலையில் அவசரமாகக் கிளம்பும்போது வண்டி எடுக்கவில்லை என்றால் என்ன பார்ப்பது?

முதலில் செலவில்லாதவை. பெட்ரோல் இருக்கிறதா? வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு கில் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கிறதா? பிள்ளைகள் வண்டிமேல் ஏறி விளையாடும்போது தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. சில வண்டிகளில் கிளட்சைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்த நான்கையும் பாருங்கள்.

அடுத்து ஹாரன் அடியுங்கள். கணீரென்று கேட்டால் பேட்டரியில் ஓரளவு உயிர் இருக்கிறது. கம்மிய சத்தம் வந்து, செல்ஃபை அழுத்தினால் 'டடடட' என்று மட்டும் கேட்டால் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றால் டெர்மினல், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று. ஹாரனும் இல்லை, மீட்டர் விளக்கும் இல்லை என்றால் மெயின் ஃபியூஸையும் பேட்டரி வயரையும் பாருங்கள்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஸ்பானர் பாசிட்டிவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பட்டால் பொறி பறக்கும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் இறங்கிவிடும். கோளாறு சார்ஜிங்கில் இருக்கிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பிளக் பக்கம் போங்கள். மழையில் நின்ற வண்டியில் பிளக் கேப்புக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். கழற்றி உலர்த்தி மாட்டிப் பாருங்கள். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் விடாமல் அழுத்தாதீர்கள். இடைவெளி விட்டு அழுத்துங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பீர்கள். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் பெரும்பாலும் நடக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்ஷன். பெட்ரோல் பம்பே பேட்டரியில்தான் ஓடுகிறது. பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் தெருக்கோடி வரை தள்ளினாலும் பிடிக்காது, மூச்சுதான் வாங்கும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. ஒரு நாள் காலையில் வண்டியில் மீட்டர் விளக்குகூட எரியவில்லை. என் மகன் பார்த்தான், மெயின் ஃபியூஸ் போயிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒரு செம்புக் கம்பியை ஃபியூஸ் இடத்தில் முறுக்கிவிட்டுப் போய்விட்டான். என்னிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் வண்டி அருமையாக ஓடியது.

ஃபியூஸ் ஏன் போனது என்று அவன் யோசிக்கவில்லை. டேங்குக்கு அடியில் எலி ஒரு வயரைக் கடித்திருந்தது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் அந்த வயர் சட்டத்தில் பட்டது. அன்று இரவு ஹேண்டில் லாக் போட்டு நிறுத்தினான். ஃபியூஸ் இருந்திருந்தால் உடனே உருகிக் கரண்டை நிறுத்தியிருக்கும். கம்பி உருகவில்லை, வயர் உருகியது. சாவியை எடுத்தாலும் பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச் வரை கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மேலே பெட்ரோல் டேங்க், இரண்டு பக்கமும் உங்கள் வண்டிகள். வாட்ச்மேன் புகையைப் பார்த்துக் குரல் கொடுத்ததால் ஓடிவந்து பேட்டரி வயரைக் கழற்ற முடிந்தது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க முடியவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் போடுங்கள். கம்பி, சிகரெட் அட்டைத் தாள் எதுவும் வேண்டாம். சில ரூபாய்ப் பொருள், இரண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் வையுங்கள். புது ஃபியூஸும் உடனே போனால் வண்டியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பார்க்கிங்கில் சாப்பாட்டு மிச்சம் போடாதீர்கள், எலி அதற்குத்தான் வருகிறது.

அன்று தூக்கம் கெட்ட எல்லோரிடமும் என் மகன் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியில் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழேதான் இருப்பேன், தயங்காமல் வாருங்கள்.