ஓட்டின் விலையும் உண்டவர் நிலையும்



பழைய வீடுகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அங்கே வாழ்ந்தவர்களின் வர்க்கத்தை அறிய முடியுமா? முடியும் என்பதே என் கட்சி. ஆனால் உடைந்த பாத்திர ஓட்டின் விலையையே உண்டவரின் நிலையாக எடுத்துக்கொள்ளும் அவசரத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

1980இல் தொல்லியலாளர் ஜார்ஜ் மில்லர், 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பீங்கான்களுக்கு ஒரு விலை அளவுகோல் வகுத்தார். அலங்காரமில்லாத வெளிர்மஞ்சள் பாத்திரத்தின் விலையை 1 என வைத்து, மற்றவற்றின் மதிப்பைக் கணக்கிட்டார். அச்சுச் சித்திரம் பதித்தவை மேல்படியில் நின்றன. பயனுள்ள அளவுகோல்தான். அதை மட்டும் நம்பினால் என்ன தவறிப்போகும் என்பதை ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவிலுள்ள கேனன்ஸ் பாயிண்ட் பருத்தித் தோட்டம் காட்டுகிறது.

அங்கே 1970களில் தொல்லியலாளர் ஜான் சாலமன் ஆட்டோ மூன்று குடியிருப்புகளின் கழிவுகளை ஒப்பிட்டார்: கூப்பர் குடும்பத்தின் மாளிகை, வெள்ளையரான மேற்பார்வையாளரின் வீடு, அடிமைகளின் குடிசை. மாளிகையில் அச்சுச் சித்திரத் தட்டுகள் மிகுதி. மற்ற இரண்டிலும் வண்ணக்கோடு சுற்றிய கிண்ணங்கள் நிறைய. தட்டு, துண்டு போட்ட இறைச்சிக்கு உரியது. கிடைத்த கறியும் தானியமும் காயும் யாரும் பக்கத்தில் நிற்காமலே ஒரே பானையில் நெடுநேரம் வெந்தால் அதற்குக் கிண்ணம்தான் வேண்டும். அடுப்பருகே நிற்க யாருக்கு நேரம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதைப் பாத்திரத்தின் வடிவமே சொல்லிவிடுகிறது. இங்கே சித்திரத்தைவிட வடிவமே பெரிய சான்று என்பது என் முடிவு.

இன்னொன்றும் உண்டு. அடிமைக் குடிசையிலும் அச்சுச் சித்திர ஓடுகள் கிடைத்தன. மாளிகையில் கழித்த பாத்திரமாக இருக்கலாம், கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அது செல்வத்தின் அடையாளம் ஆகாது. சட்டப்படி சுதந்திரரான மேற்பார்வையாளரையும், விலைக்கு வாங்கப்பட்ட மனிதரையும் ஓடுகள் ஏறக்குறைய ஒரே படியில் நிறுத்துகின்றன. ஆவணத்தையும் வீட்டின் கட்டுமானத்தையும் சேர்த்துப் படிக்காவிட்டால் அடிமைமுறையின் கொடுமையே நம் கண்ணில் படாது.

நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் சேரியில் நடந்தது இதற்கு நேர்மாறு: அங்கே எழுத்து மறைத்ததை ஓடுகள் காட்டின. 1842இல் அங்கே சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் அழுக்கையும் சீரழிவையும் எழுதினார். உலகமும் அதையே நம்பியது. 1991இல் நீதிமன்றக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது சுமார் 8,50,000 பொருள்கள் வெளிவந்தன. ஐரிஷ் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த வீடுகளின் கழிவறைக் குழிகளில் அழகிய தேநீர்ப் பாத்திரங்கள் இருந்தன. மதுவிலக்குப் பிரசாரகர் ஃபாதர் மேத்யூவின் உருவம் பதித்த கோப்பையும் இருந்தது. ஏழைகள் மரியாதையோடு வாழ எடுத்த முயற்சி, எழுத்தாளர் பார்க்காமல் போன குழியில் கிடந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மைய வளாகத்தில் வைத்திருந்த அந்தச் சேகரிப்பு அழிந்தது. வெளியே கடனாகக் கொடுத்திருந்த 18 பொருள்களே எஞ்சின. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

இதையெல்லாம் நம் அவையில் சொல்லக் காரணம் இருக்கிறது. இலங்கை மலையகத்திலும் வால்பாறையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் துரை பங்களா, கங்காணி வீடு, லயம் என்று இதே மூன்றடுக்கு நிற்கிறது. ஜார்ஜியாவில் இருந்தது அடிமைமுறை, இங்கே இருந்தது கடனில் கட்டிய கூலிமுறை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. லயத்துக்குப் பின்னால் கிடக்கும் எனாமல் கோப்பை, உடைந்த சட்டி, அம்மிக்கல், மருந்துப் புட்டி ஆகியவற்றை அங்கு வாழ்பவர்களின் இசைவோடு, வீடு வீடாக, எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு நாம் சேகரிக்க வேண்டும். பங்களாவின் குப்பைமேட்டையும் அதே கவனத்தோடு தோண்ட வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிக்க முடியாது. அந்தக் கோப்பையில் யார் யாருக்குத் தேநீர் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இந்த மாநாடு கலையும் முன், அந்த வேலையை எந்தத் தோட்டத்தில், யார் யார் தொடங்குவது என்பதை முடிவு செய்து தீர்மானமாக எழுதித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.