பிளஸ் டூவிலேயே ஒரு கதவு

(திட்டக்குடியில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே வந்திருக்கும் அண்ணன்மார் பலரின் பிள்ளைகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறார்கள். அவர்களில் ஒருவன், "போர் விமானம் ஓட்டணும்ப்பா" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "முதல்ல எஞ்சினியரிங் முடி, அப்புறம் பார்த்துக்கலாம்." பட்டம் முடித்த பிறகும் விமானப்படைக்கு வழி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிளஸ் டூவோடு நுழையும் கதவு பத்தொன்பதரை வயதில் மூடிவிடும். அதற்குள் நம்ம பையன் மூன்றாம் செமஸ்டரில் இருப்பான்!

அந்தக் கதவின் பெயர் தேசியப் பாதுகாப்பு அகாடமி. புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. விமானப்படைக்குப் போக பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கட்டாயம். படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. அந்த 600-ல் ஆங்கிலம் மட்டும் 200. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். கணக்கில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. அதற்கும் 900 மதிப்பெண். பேச்சு, துணிவு, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யும் பாங்கு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். விமானிக்கென்று கணினி வழித் தேர்வு ஒன்றும் உண்டு. அதில் தவறினால் வாழ்நாளில் மறுவாய்ப்பு கிடையாது. பிறகு கண், உயரம், உடல் சோதனை. தேறினால் கடக்வாஸ்லாவில் மூன்றாண்டு படிப்பு, பட்டமும் கிடைக்கும். அடுத்து ஐதராபாத் அருகே துண்டிகலில் பறக்கும் பயிற்சி. பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கேளுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2021-ல் இந்தத் தேர்வு பெண்களுக்கும் திறந்தது. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். சென்னையில் பிறந்து இந்த அகாடமியில் படித்த அஜித் கிருஷ்ணன், ககன்யான் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வான நால்வரில் ஒருவர்.

"கிடைக்கலேன்னா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம், எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்து, டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாமவராக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை. அதோடு அவர் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. 2006-ல் குடியரசுத் தலைவராக, அதே புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்தார். தேர்வுக்காகப் படித்த கணக்கும் ஆங்கிலமும் எந்தப் படிப்புக்கும் உதவும், வீண் போகாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி என்று அவரவர் படித்த பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருநாள் போவோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வோம். ஆங்கிலம் சொல்லித்தர வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். தேறுவதும் தேறாததும் அவர்கள் உழைப்பு. ஆனால், "எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்று நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவர்கூடப் பின்னால் வருந்தக் கூடாது.