ஓட்டல் தொழிலாளியின் கூலியும் உடல்நலமும்
(ஆரணியில் நிகழ்த்திய உரை)

தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதைப் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற இந்த ஆரணியிலே நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? அதே விதியின் கீழ்தான், கடைத்தெருவிலே நமக்கு இலை போடும் சப்ளையரும், அடுப்படியிலே வேகும் சரக்கு மாஸ்டரும், கொல்லைப்புறத்திலே பாத்திரம் தேய்க்கும் அம்மையாரும் வாழ்கிறார்கள்.

2021 செப்டம்பரில் இவ்வூர் ஓட்டலொன்றில் பிரியாணி உண்ட பத்து வயதுச் சிறுமி உயிரிழந்தாள்; பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். பிறகு ஓட்டல்களில் சோதனைகள் நடந்தன. இறைச்சியைப் பார்த்தார்கள், குளிர்பெட்டியைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான். அந்தச் சாவின் காரணத்தைக் கூலியின் தலையில் நான் கட்டவில்லை. ஆயினும், அடுப்படியில் நிற்பவனுக்குக் காய்ச்சல் கண்டால் அவன் என்ன செய்வான் என்று கேட்டவர் எத்தனை பேர்?

தொற்றுநோய் கண்டவர் உணவைத் தொடலாகாது, ஆண்டுக்கொருமுறை மருத்துவச் சோதனை வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள். நல்ல விதிகள்! ஆனால், வயிற்றுப்போக்கோடு அவன் வீட்டிலே கிடக்கும் நான்கு நாளைக்கு அரிசி வாங்குவது யார்? அரசு மருத்துவமனையிலே மருந்து இலவசம்; இழந்த கூலியை அங்கே தருவதில்லை. ஆகவே மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்படிக்கு வருகிறான். நோயை மறைக்கிறானே என்று அவனை ஏசுவோர், அவன் வீட்டுப் பானையை எட்டிப் பார்த்ததில்லை.

இன்னொரு செய்தி கேளுங்கள். 1957இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்குக் கணக்கு வகுத்தது. உணவுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 72 கஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு — எல்லாம் எண்ணினார்கள். மருத்துவத்துக்கெனத் தனி இனம் வைக்கவில்லை! கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ரெப்டகோஸ் பிரெட் வழக்கிலே சொன்னது 1991இல். முப்பத்து நான்கு ஆண்டுகள், தோழர்களே! ஏழைக்கு நோய் வரும் என்பது ஏட்டில் ஏற அத்தனை காலம்.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய பட்டியல் முறையை நீக்கி, குறைந்தபட்சக் கூலி எல்லாத் தொழிலுக்கும் உண்டு என்கிறது. நன்று. ஆனால் அது வேலை செய்த நாளுக்கான கூலி. நோயுற்ற நாளுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது: சந்தா செலுத்தி வந்தவருக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. யாருக்கு? பத்துப்பேர் வேலை செய்யும் ஓட்டலில் இருப்பவருக்கு. ஒன்பது பேர் உள்ள மெஸ்ஸில் அதே டைஃபாய்டு வந்தால் ஒன்றுமில்லை. கிருமி ஆள் எண்ணிக்கை பார்த்தா வருகிறது? பன்னிருவர் உழைக்கும் கடையின் பதிவேட்டில் ஒன்பது பெயரே எழுதும் சாமர்த்தியசாலிகள் வேறு!

சிறு முதலாளி தாங்குவானா என்பார்கள். நியாயமான கேள்வி, கணக்கிட்டே பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய்க் கூலிக்கு அவர் பங்கு 325 ரூபாய், தொழிலாளி பங்கு 75 ரூபாய். பத்துக்குக் குறைந்த கடையும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் ஒப்பினால் சேரலாம் என 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வழி விட்டிருக்கிறது. அந்த ஒப்புதல் தானாக வராது. நாளை காலை டீ குடிக்கப் போகும்போது, அந்தக் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாருங்கள்.