தரைக்கு மேல 4 மீட்டர் நிக்கிற இரும்புத் தூண்

இன்னைக்கு கொஞ்சம் சேறும் சகதியுமான எபிசோட்.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ஷயர்னு ஒரு பகுதி. அங்க ஹோம் ஃபென் அப்படிங்கிற காட்டுக்குள்ள ஒரு இரும்புத் தூண் நிக்குது. 1851-ல அதை நட்டப்போ அதோட உச்சி சரியா தரை மட்டத்துல இருந்துச்சு. முழுத் தூணும் மண்ணுக்குள்ள. இன்னைக்கு அந்த உச்சியைத் தொடணும்னா ஏணி வேணும். சுமார் 4 மீட்டர் வெளிய தெரியுது. தூண் அடியில இருக்கிற களிமண் வரைக்கும் ஊன்றியிருக்கு, அதனால அது அசையல. சுத்தி இருந்த தரைதான் இறங்கிப்போச்சு.

பக்கத்துல விட்டில்ஸி மியர்னு ஒரு பெரிய ஏரி இருந்துச்சு. விவசாயத்துக்கு நிலம் வேணும்னு நீராவி பம்ப் வச்சு அதை வடிச்சாங்க. தண்ணி போனா நிலம் இறங்கும்னு அவங்களுக்கே தெரியும். எவ்வளவு இறங்குதுன்னு பாக்கத்தான் தூணையே நட்டாங்க.

சரி, இறங்கின அந்த மண் எங்க போச்சு? ஒரு பகுதி, தண்ணி வடிஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கிடுச்சு. அது முதல் சில வருஷக் கதை. மீதி காத்துல போச்சு. அதாவது, கார்பன் டை ஆக்சைடா மாறி வானத்துக்குப் போயிடுச்சு.

ஏன்னா அது சாதாரண மண் இல்ல, பீட். மாடித்தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு கோகோ பீட் தெரிஞ்சிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டையில இருந்து எடுத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புறாங்களே, அதுதான். அதுக்கு அந்தப் பேரு வந்ததே, தோட்டங்கள்ல நிஜ பீட்டுக்குப் பதிலா போடலாம்ங்கிறதால. நிஜ பீட் குளிர் நாடுகளோட சதுப்பு நிலத்துல நிறைய கிடைக்கும். ஸ்பேக்னம்னு ஒரு பாசி. தன்னோட காய்ந்த எடையைப் போல 20 மடங்கு வரைக்கும் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். அது செத்தா, முழுசா மக்காம அப்படியே ஈரத்துக்குள்ள படிஞ்சு கிடக்கும். அது மேல அடுத்த பாசி. வருஷத்துக்குத் தோராயமா 1 மில்லிமீட்டர்தான் உயரும். ஒரு மீட்டர் சேர ஆயிரம் வருஷம்!

ஏன் மக்கல? இதுதான் இன்னைக்கு விஷயமே. மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் வேகமா வேலை பார்க்க ஆக்சிஜன் வேணும். காத்துல ஆக்சிஜன் பரவுற வேகத்தோட ஒப்பிட்டா, தண்ணியில அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாத்தான் பரவும். அதனால தண்ணி நிரம்பின பீட்டுக்குள்ள, மேல கொஞ்சம் சென்டிமீட்டரைத் தாண்டினா ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்ல. தண்ணி ஒரு மூடி மாதிரி. மூடியை எடுத்தா, ஆயிரக்கணக்கான வருஷம் சேர்த்தது எல்லாம் மக்க ஆரம்பிச்சிடும்.

உலக நிலப்பரப்புல பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனா உலகத்துக் காடுகள்ல இருக்கிற எல்லா மரத்தையும் சேர்த்தா வர்ற கார்பனை விட, இந்த 3 சதவீதத்துக்குள்ள அதிகம் இருக்கு. அதோட பெரும்பகுதி கனடா, ரஷ்யா, ஸ்காண்டிநேவியான்னு வடக்குலதான்.

அப்போ தண்ணி மட்டம் எவ்வளவு முக்கியம்னு அளக்க முடியுமா? முடியும். கோபுரம் மாதிரி ஒரு கம்பம் நட்டு, அதுல கருவி வச்சு, காத்துல மேல போற கார்பன் எவ்வளவு, கீழ வர்றது எவ்வளவுன்னு நொடிக்குப் பல தடவை அளப்பாங்க. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் பல இடங்கள்ல இப்படி அளந்ததை கிறிஸ் எவன்ஸ் தலைமையிலான குழு 2021-ல நேச்சர் இதழ்ல வெளியிட்டாங்க. புல்வெளியா, பயிரா, சும்மா கிடக்கிற சதுப்பாங்கிறதை எல்லாம் மிஞ்சி, தண்ணி தரைக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழ நிக்குதுங்கிறதுதான் முடிவைத் தீர்மானிச்சுது. வடிகால் வெட்டின நிலத்துல தண்ணி மட்டத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினா, ஒரு ஹெக்டேருக்கு வருஷம் குறைஞ்சது 3 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு மிச்சம். 3 டன்னா எவ்வளவு? சுமார் 1300 லிட்டர் பெட்ரோல் எரிச்சா வர்ற அளவு. 50 கிலோமீட்டர் மைலேஜ் தர்ற பைக்ல 65,000 கிலோமீட்டர் ஓட்டலாம். ஒரு சாண் கூட இல்லாத உயரத்துக்கு இது!

இங்க ஒருத்தர் கேப்பாங்க: "தண்ணி நின்னா மீத்தேன் வருமே?" நல்ல கேள்வி. ஆக்சிஜன் இல்லாத இடத்துல வேலை செய்யுற நுண்ணுயிர்கள் மீத்தேனை விடும். நூறு வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 27 மடங்கு சூடாக்கும். ஆனா மேல் அடுக்குல கொஞ்சம் காத்து இருந்தா, அங்க மீத்தேனையே சாப்பிடுற பாக்டீரியா இருக்கும். மேல வர்ற வாயுவை வழியிலேயே பிடிச்சிடும். கோரை மாதிரிச் செடிகள் மட்டும் இதுக்குத் துரோகம் பண்ணும். அதோட தண்டு உள்ள குழாய் மாதிரி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற கதையா மீத்தேனை நேரா வெளிய விட்டுடும். அதனால நிலத்தைக் குளமாக்கினா வேலைக்கு ஆகாது. தண்ணி தரைக்கு ஒரு சில சென்டிமீட்டர் கீழ நிக்கணும். இன்னொண்ணு, மீத்தேன் காத்துல சுமார் 12 வருஷம்தான் தங்கும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக்கணக்கா தங்கும். அதனால மீத்தேனைக் காரணம் காட்டி பீட்டைக் காய விடுறது எனக்குச் சரியாப் படல.

மூடியை எடுத்தது விவசாயம் மட்டும் இல்ல, மரம் நடுறதும்தான்! ஸ்காட்லாந்தோட வடகோடியில ஃப்ளோ கன்ட்ரின்னு ஒரு பீட் பரப்பு, சுமார் 4000 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல ஒன்பது மடங்கு. 1980-கள்ல அங்க காடு வளர்த்தா வரிச்சலுகைன்னு பிரிட்டிஷ் அரசு குடுத்துச்சு. பணக்காரங்க காசைக் கொட்டினாங்க. சதுப்பை உழுது, வாய்க்கால் வெட்டி, வெளியூர் ஊசியிலை மரங்களை நட்டாங்க. மேப்ல பாத்தா பச்சை, அடியில பீட் காய்ஞ்சுது. 1988 பட்ஜெட்ல அந்தச் சலுகையை நிறுத்தினாங்க. இப்போ அந்த மரங்களையே வெட்டி, வாய்க்காலை அடைச்சுட்டு இருக்காங்க. மரம் வெட்டுறது சூழல் பாதுகாப்புன்னு சொன்னா நம்ம ஊர் வாட்ஸ்ஆப் குரூப்ல சண்டை வரும், ஆனா அங்க அதுதான் சரி. 2024-ல ஃப்ளோ கன்ட்ரி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாச்சு.

சீரமைச்சா உடனே சரியாகுமா? அங்க அளந்து பாத்தாங்க. 16 வருஷத்துக்கு முன்னாடி மரம் வெட்டின இடம் கார்பனை உள்ள இழுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. 10 வருஷம் ஆன இடம் இன்னும் வெளிய விட்டுட்டுதான் இருந்துச்சு.

சரி, மனுஷன் வடிகாலே வெட்டல, ஆனா பூமி சூடாகுது. அப்போ? இதுக்குத்தான் அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல ஸ்ப்ரூஸ்னு ஒரு பரிசோதனை நடத்தினாங்க. மார்செல் ஆய்வுக்காட்டுல ஒரு சதுப்பு மேல, மேல்பக்கம் திறந்த 10 அறை, ஒவ்வொண்ணும் சுமார் 12 மீட்டர் அகலம். காத்தையும் சூடாக்கினாங்க, மண்ணுக்குள்ள கம்பி இறக்கி ஆழமான பீட்டையும் சூடாக்கினாங்க. கூடுதல் வெப்பம் பூஜ்யத்துல இருந்து 9 டிகிரி வரைக்கும்.

முதல்ல அடிமண்ணை மட்டும் சூடாக்கினப்போ மீத்தேன் கூடுச்சு. ஆனா அது மேல இருந்த புது கார்பன்ல இருந்து வந்தது. ஆழத்துல இருந்த பழசு பெரிசா அசையல. கொஞ்சம் ஆறுதல். அப்புறம் காத்தையும் சேர்த்துச் சூடாக்கினாங்க. மூணே வருஷத்துல, ரொம்பச் சூடான அறைகள்ல ஸ்பேக்னம் பாசி பாதிக்கும் கீழ குறைஞ்சுது. குறுஞ்செடிகள் நிறைய மெல்லிய வேரை விட்டுச்சு, ஈரம் குறையக் குறைய வேர் கூடுச்சு. சூடாக்கின அறைகள் எல்லாமே கார்பனைச் சேர்க்கிற இடம்ங்கிற நிலை மாறி, இழக்கிற இடமாச்சு. பாசி போனா அடுத்த அடுக்கு பீட் யாரு போடுவா? எனக்கு இதுலயே ரொம்பப் பயமான தகவல் இதுதான்.

கடைசியா, தூண் இருக்கிற அந்த ஃபென் பகுதிக்கு. சுத்தி இருக்கிற கறுப்பு மண்ல செலரி, லெட்டூஸ், உருளைன்னு அமோகமா விளையுது. தண்ணியை மேல ஏத்துங்கன்னு விவசாயிகிட்ட சொல்றது லேசு. டிராக்டர் புதையும், வேர் அழுகும், கடன் இருக்கும். முழுசா நிரப்ப வேணாம், பயிர் தாங்குற அளவுக்கு வடிகால் ஆழத்தைப் பாதியாக்குவோம்னு ஒரு யோசனை. எவன்ஸ் குழு கணக்குப்படி, உலகத்துல வடிகால் வெட்டின எல்லா பீட் விவசாய நிலத்துலயும் இப்படிச் செஞ்சா, மனுஷங்க விடுற மொத்த பசுங்குடில் வாயுவுல 1 சதவீதத்துக்கு மேல குறையலாம். ஆனா அங்க விளைச்சல் குறைஞ்சா அந்த லெட்டூஸ் வேற எங்கேயோ விளையணும். பிரிட்டனுக்கு ஏற்கெனவே குளிர்காலத்துல லெட்டூஸ் வர்றது ஸ்பெயினோட தென்கிழக்குல இருந்து. அங்க தண்ணிப் பஞ்சம்.

உங்க கேள்விகளை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கறேன்.